நூல் கட்டாத பெரணிகள்

என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று போட்டுக்கொள்ள முடியாமல் போனதற்கு நான் முதலில் மலை மழையைத் திட்டினேன். அப்புறம் டைப் அடித்தவரைத் திட்டினேன். அப்புறம் என் அத்தாவைத் திட்டினேன், அதுவும் கடையில் ஆள் நிற்கும்போது. என்னை நானே திட்டிக்கொள்ளும் முறை வந்தபோது எல்லாம் முடிந்து போயிருந்தது.

வீசையும் சேரும் போய்க் கிலோ வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கொடைக்கானல் பஜாரில் அத்தாவுக்கு ஒரு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறையில் அத்தாவும் அம்மாவும் நானும் குடியிருந்தோம். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவன். பரீட்சை எழுதி வாங்குகிற எம்.எஸ்ஸி. அல்ல என்னுடையது. ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் அலைந்து, ஆய்வேடு எழுதிக் கொடுத்து, சேகரித்த செடிகளை ஒப்படைத்து, கடைசியில் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி வாங்க வேண்டியது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பட்டம் கிடையாது.

நான் எடுத்துக்கொண்டது பெரணி. பூக்காது, காய்க்காது, ஆடு மாடு வாய் வைக்காது. ஈரப் பாறையிலும் ஓடைக் கரையிலும் தானாக வளர்ந்து கிடக்கிற தழை. கொடைக்கானலில் பிறந்தவன் பெரணியில் ஆராய்ச்சி செய்கிறான் என்றால் பஜாரில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "ஏலே, கழுதகூடத் திங்காத தழையடா அது. அதுக்கா ரெண்டு வருசம்?" என்று அத்தாவே கேட்டார். கேட்டுவிட்டு, அன்றைக்கே எதிர்க்கடைக்காரரிடம் போய், என் மகன் காலேஜில் புரொபசராகப் போகிறான் என்று சொல்லிவிட்டும் வந்தார். புரொபசர் இல்லை அத்தா, விரிவுரையாளர் என்று நான் திருத்தினேன். அந்தத் திருத்தம் பஜாருக்குப் போய்ச் சேரவே இல்லை.

வேலை விஷயம் பொய்யில்லை. எங்கள் கல்லூரியிலேயே அடுத்த ஜூனில் ஓர் இடம் காலியாவதாக இருந்தது. பட்டம் கையில் இருந்தால் உனக்குத்தான் என்று என் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஆனால் நான் ஏற்கெனவே இரண்டு முறை தவணை நீட்டி வாங்கியிருந்தேன். டிசம்பர் முடிவதற்குள் எல்லாவற்றையும் ஒப்படைக்காவிட்டால் என் பதிவே ரத்து. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் ஆராய்ச்சி இதுதான். பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்திலிருந்து அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் வரை ஏறுகிற பழைய நடைபாதை ஒன்று உண்டு. பஸ் ரோடு வந்த பிறகு மூட்டை சுமப்பவர்களும் குதிரைக்காரர்களும் மட்டும் நடந்த பாதை. அந்தப் பாதையில் ஏற ஏற, ஒரே வகைப் பெரணி எப்படிச் சிறுத்துக்கொண்டே போகிறது என்று பார்ப்பது. கீழே ஆள் உயரம் நிற்பது மேலே முழங்காலுக்கு வரும். எந்த உயரத்தில் எவ்வளவு என்பதுதான் முழு ஆய்வேடும். உயரம் காட்டும் பித்தளைக் கருவி ஒன்றைக் கல்லூரியில் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அந்தப் பாதையில் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று எனக்கே கணக்கில்லை. அட்டை கடித்த தழும்பு கணுக்காலில் இன்னும் இருக்கிறது.

செடியைப் பறித்ததும், உயரமாக இருந்தால் மடக்கி, மடித்த செய்தித்தாளுக்குள் வைத்து இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கிக் கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே என் குறிப்பேட்டில் இடம், உயரம், தேதி எல்லாம் எழுதிவைப்பேன். பேராசிரியர் முதல் நாளே சொன்னது ஒன்று உண்டு. எண்ணைக் காகிதத்தில் மட்டும் எழுதாதே, ஒரு சின்ன அட்டையில் எழுதிச் செடியின் காம்பிலேயே நூலால் கட்டிவிடு என்றார். முதல் வாரம் கட்டினேன். அடுக்கத்துக்கு மேலே போனால் மழையில் விரல் மரத்துவிடும், முடிச்சு விழாது, நூல் சேற்றில் விழும், அட்டை ஊறிக் கூழாகும். எரிச்சலாக வந்தது. காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எண்ணைக் கிறுக்கிவிட்டு நடையைக் கட்டினேன். அந்த முதல் வாரத்துச் செடிகளும் சரியாக உலரவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடங்களிலும் புதிதாகப் பறித்தேன். கடைசியில் என்னிடம் சேர்ந்தது இருநூற்றுப் பதினான்கு செடி. ஒன்றின் காம்பிலும் நூல் இல்லை. அத்தாவின் கடையில் தலைக்கு மேலே எந்நேரமும் ஒரு நூல் கண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பொட்டலம் மடித்ததும் எட்டி இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி அறுப்பார். அந்த நூலின் கீழே நின்றுகொண்டுதான் நான் டீ குடிப்பேன்.

அத்தாவுக்கு உலகத்தில் ஒரே எதிரி ஈரம். கொடைக்கானலில் மளிகை வியாபாரம் என்றால் பாதி வியாபாரம், பாதி ஈரத்தோடு சண்டை. உப்பு கசியும், வெல்லம் இளகும், பூண்டு முளை விடும், மிளகில் வெள்ளை பூக்கும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் வெள்ளனே எழுந்து, சுபுஹு தொழுதுவிட்டு, குமுட்டி அடுப்பில் கரி போட்டுப் பின்னறையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு சாக்காக வாய் திறந்து முகர்ந்து பார்ப்பார். எந்தச் சாக்கு கெடப்போகிறது என்பது அவர் மூக்குக்கு இரண்டு நாள் முன்னாலேயே தெரிந்துவிடும். அவர் காதில் எப்போதும் ஒரு பென்சில். கைக்கு அகப்பட்ட காகிதத்தின் ஓரத்தில் கூட்டல் போடுவார். ஆள் போனதும் அந்தக் கூட்டல் செத்துப் போகும். அதே காகிதம் அடுத்த ஆளுக்குப் பொட்டலமாகும். முப்பது வருடமாக அந்தக் கடையில் காகிதம் என்பது இதுதான்.

அந்த அக்டோபரில் ஆய்வேட்டை டைப் அடிக்க மதுரைக்குப் போனேன். வேறு வேலை எதுவும் பாக்கி இல்லை. திரும்பி வந்து, செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி, லேபிள் எழுதி, எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தால் முடிந்தது. பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். டைப் அடித்தவருக்குத் தாவரங்களின் லத்தீன் பெயர்கள் பிடிபடவில்லை. அடித்ததையே திரும்பத் திரும்ப அடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சொல்லி, மூன்று வாரம் ஆகிவிட்டது. போகும்போது அத்தாவிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அத்தா, பரண்ல கட்டு கெடக்கு. ஈரம் மட்டும் படாமப் பாத்துக்கங்க. பூசணம் புடிச்சா எம் பொழப்பே போச்சு."

அவர் தலையை ஆட்டினார். ஈரத்தைப் பற்றி அவரிடம் ஒருவன் சொல்ல வேண்டுமா என்பது போல இருந்தது அந்த ஆட்டல்.

நாலு பிரதி ஆய்வேட்டையும் ரெக்ஸின் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டில் பஸ் ஏறினேன். மேலே வர வர மழை. பஜாரில் இறங்கியபோது எதிர்க்கடை தெரியவில்லை, அவ்வளவு மஞ்சு. அத்தா ஆய்வேட்டைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார். கட்டுகள் பரணில் இல்லை. குமுட்டி அடுப்பைச் சுற்றிப் பெஞ்சின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தார்.

"ஏலே, மோந்து பாரு" என்றார்.

முகர்ந்தேன். பூசண வாடை துளியும் இல்லை. உலர்ந்த புல் வாசம் வந்தது. நான் போன நாலாம் நாளே கட்டிலிருந்து வாடை வந்துவிட்டதாம். பிரித்துப் பார்த்தால் காகிதமெல்லாம் தண்ணீரைக் குடித்து நொதநொதவென்று இருந்ததாம், ஓரத்தில் வெள்ளை பூத்திருந்ததாம். அன்றிலிருந்து தினமும் சுபுஹுக்கு அப்புறம் கடை திறக்கும் வரை இதே சோலி. பங்களாக்களிலிருந்து தடித்த இங்கிலீஷ் பேப்பராகப் பார்த்து வாங்கி, அடுப்பில் காட்டிச் சூடாக்கி, ஒவ்வொரு செடியாக எடுத்து மாற்றியிருக்கிறார். மூன்று சுற்று மாற்றியாயிற்று என்றார். ஒரு இலை உதிரவில்லை என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நான் உலர்த்தியதைவிட நன்றாக உலர்ந்திருந்தன. பச்சை நிறம்கூட அப்படியே நின்றது. கல்லூரியில் அப்படி உலர்ந்த பெரணியை நான் பார்த்ததில்லை.

முதல் காகிதத்தைத் திறந்தேன். ஓரத்தைப் பார்த்தேன். எண் இல்லை. இரண்டாவதைத் திறந்தேன். இல்லை. பத்து, இருபது என்று திறந்துகொண்டே போனேன்.

"பழைய பேப்பரெல்லாம் எங்கத்தா?"

"அதுவா? காய வச்சு வெட்டிப் பொட்டலத்துக்குப் போட்டாச்சு. என்ன, வேணுமா?"

"அதுல நம்பர் எழுதியிருந்துச்சே."

"ஆமா, ஓரத்துல ஒண்ணு ரெண்டு கூட்டல் கெடந்துச்சு" என்றார். "முடிஞ்ச கணக்குதானேன்னு நெனச்சேன்."

இப்போது நினைத்தால் அந்தக் கடையில் வேறு எப்படி நினைத்திருப்பார் என்று தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு. குறிப்பேட்டில் எண்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன: எந்த எண் எந்த இடம், எந்த உயரம், எந்தத் தேதி. செடிகளும் பத்திரமாக இருந்தன. எந்தச் செடி எந்த எண் என்பது மட்டும் இல்லை; மூன்று சுற்று மாற்றியதில் அடுக்கிய வரிசையும் கலைந்திருந்தது. எண்கள் ஒரு பக்கம், செடிகள் ஒரு பக்கம். இரண்டு வருடம் அந்தப் பாதையில் நான் நடந்தது அந்த ஓரத்துப் பென்சில் கோட்டில்தான் இருந்தது. அது மஞ்சள் பொட்டலமாகவும் சீரகப் பொட்டலமாகவும் ஊர் முழுக்கப் போய்விட்டது.

நான் கத்தினேன். பின்னறையிலிருந்து கத்திக்கொண்டே கடைக்கு வந்துவிட்டேன். பருப்பு வாங்க வந்த அட்டுவம்பட்டி அம்மா ஒருவரும் இன்னொருவரும் நின்றிருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டே, பொட்டலம் மடிக்கிற புத்தி பொட்டலத்துக்கு மேல் போகுமா என்று கேட்டேன். படித்தவன் வீட்டுக் காகிதம் எது, கடைக் காகிதம் எது என்று தெரியாத மனுஷனா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ. கடைசியாகச் சொன்னது மட்டும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு நூலக் கட்டி ஒரு நம்பரப் போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

அது என்னை நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கட்டாதவன் நான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டதால், அது அவர் செய்யாமல் விட்டது மாதிரி ஆகிவிட்டது. அத்தா தலைக்கு மேல் தொங்கிய நூல் கண்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அந்த அம்மாவுக்குப் பருப்பை நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். கடையைப் பார்த்துக்கொள்ளும்படி என் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்.

எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். அந்தக் காகிதங்கள் கிடைத்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும். எண்ணும் செடியும் பிரிந்த பிறகு வெறும் எண்ணைக் கொண்டு வந்து என்ன செய்வது? அந்த எண்தான் குறிப்பேட்டிலேயே இருக்கிறதே. இதைச் சொல்லி அவரை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நனையட்டும் என்று இருந்தேன். அவ்வளவு கோபம் எனக்கு.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார். பஜாரில் ஒவ்வொரு டீக்கடையாக, அட்டுவம்பட்டி வரைக்கும் ஒவ்வொரு வீடாக ஏறி, பொட்டலக் காகிதம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மழைக்காலத்தில் யார் வீட்டில் காகிதம் மிஞ்சும்? ஈர விறகைப் பற்ற வைக்க எல்லாம் அடுப்புக்குள் போயிருந்தது. பதினொரு துண்டு கொண்டு வந்திருந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. துண்டுகளைக் கல்லாப் பலகையில் பரப்பி, உள்ளங்கையால் ஒவ்வொன்றாக நீவி விட்டார். ஒன்றில் வடை எண்ணெய். ஒன்றில் பாதி எண்தான் இருந்தது, மீதி கிழிந்து போயிருந்தது.

"இது ஒன் எழுத்துதானடா?" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார்.

பதினொன்றில் மூன்று அவர் போட்ட கூட்டல். அதைச் சொன்னேன். அந்த மூன்றையும் எடுத்துத் தனியாக வைத்தார். மற்ற எட்டில் இரண்டில் மட்டும் பெரணியின் பழுப்பு நிழல் மங்கலாகப் பதிந்திருந்தது. அதை வைத்து இரண்டு செடிக்கு எண் கண்டுபிடித்தேன். இருநூற்றுப் பதினான்கில் இரண்டு.

அடுத்து வந்த நாட்களில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செடிகளோடு மல்லுக் கட்டினேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிடைத்த அபூர்வ வகைகளை அடையாளம் காண முடிந்தது. அப்படி முப்பது சொச்சம். பாக்கி நூற்று எண்பதும் நாலே வகை. அந்த நாலு வகையையும் இருநூறு அடிக்கு ஒரு தடவை பறித்துக்கொண்டே ஏறியிருந்தேன். அவைதான் ஆய்வேடு. அளவு மாறினாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்த அவற்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நீ அடிவாரத்தவனா, அடுக்கத்தவனா, மேல்மலையவனா என்று கேட்டால் அது என்ன சொல்லும்? அத்தா இரண்டு மூன்று தடவை வாசலில் வந்து நின்று பார்த்தார். திரும்ப ஏறிப் பறித்து வந்துவிடலாமா, நானும் கூட வருகிறேன், வெரசாப் போய் வந்துவிடலாம் என்று ஒரு நாள் கேட்டார். ரெண்டு வருஷம் ஆகும் என்றேன்.

செடிகளை அப்படியே கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தேன். விடுதியில் என் அறைத்தோழன் வேதியியல்காரன். கதையைக் கேட்டுவிட்டு, இதற்குப் போய் இப்படி உட்கார்ந்திருக்கிறாயே என்றான். பெரிதாக இருப்பதற்கெல்லாம் அடிவாரம் என்று எழுது, சிறிதாக இருப்பதற்கெல்லாம் உச்சி என்று எழுது, எவன் வந்து அந்தப் பாதையில் ஏறி அளக்கப் போகிறான் என்றான். நான் மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து லேபிள் எழுதத் தொடங்கினேன். மத்தியானத்துக்குள் முப்பது எழுதிவிட்டேன். வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? உயரம் ஏற ஏற, படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு ஒன்று சிறுத்துக்கொண்டே போயிற்று. நிஜத்தில் அப்படி இல்லை. நிஜத்தில் அடுக்கத்துக்கு மேலே ஓர் ஓடைப் பள்ளத்தில் எல்லாச் சட்டத்தையும் மீறி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்ற பெரணிகள் உண்டு. அதைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதியிருந்தேன். அந்தச் செடிகள் எங்கே? எனக்கு முன்னால் அடிவாரம் என்று லேபிள் ஒட்டிக்கொண்டு படுத்திருந்த பெரிய செடிகளில் எவையோ. எவை என்று எனக்கே தெரியவில்லை.

அந்த முப்பது லேபிளையும் கிழித்துப் போட்டேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நேர்மையெல்லாம் இல்லை, பயம். தேர்வாளர் ஒரு தாளை உருவி இது அந்த ஓடையில் பறித்ததா என்று கேட்டால், என் வாய் என்ன சொல்லும் என்ற பயம்.

மறுநாள் பேராசிரியரிடம் போனேன். கட்டைப் பிரித்து அவர் மேஜையில் வைத்தேன். அவர் ஒரு செடியை மெல்லத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எவ்வளவு நன்றாக உலர்த்தியிருக்கிறாய் என்றார். அப்புறம் காம்பைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துக் காம்பைப் பார்த்தார்.

"நூல் எங்கப்பா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தா செய்ததை நீட்டி நீட்டிச் சொன்னேன், நான் செய்யாததைச் சுருக்கிச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. டீ வாங்கி வரச் சொன்னார். குடித்து முடித்த பிறகு, இது இல்லாமல் உன் ஆய்வேடு வெறும் பேச்சு, நான் கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னார். புதிதாகப் பதிவு செய்துகொள், மறுபடியும் நட, இந்தத் தடவை கட்டு என்றார். டிசம்பர் வந்தது, போயிற்று. பதிவு ரத்தானது. ஜூனில் அந்த விரிவுரையாளர் இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். எனக்குச் சோதனைக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கொடுத்தார்கள். மைக்ராஸ்கோப்புகளைத் துடைத்து அடுக்குவது, மாணவர்கள் கொண்டு வருகிற செடிகளில் நூல் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. கட்டாதவனை நான் விட்டதே இல்லை.

மறுபடி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முதல் தடவை ஏறும்போது மேலே ஏதோ இருக்கிறது என்று ஏறினேன். இரண்டாம் தடவை அப்படித் தோன்றவில்லை. விண்ணப்பத் தாளை வாங்கி வைத்தேன், அது பெட்டியில் கிடந்தது. வீட்டுக்கு ஒரு கார்டு மட்டும் போட்டேன். இந்த வருஷம் கிடைக்கவில்லை என்று எழுதினேன். அந்த 'இந்த வருஷம்' என்ற வார்த்தையை ஏன் போட்டேனோ. செடிக் கட்டை மலைக்குப் போகிற தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். என் கண் முன்னால் இருக்க வேண்டாம் என்று இருந்தது. நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போகவில்லை. விடுமுறைக்கும் போகவில்லை. கடையில் அத்தா முகத்தில் விழித்தாலும், புரொபசர் வந்துட்டாரா என்று கேட்கிற பஜாரின் முகத்தில் விழிக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அத்தா முகத்தில்தான் விழிக்க முடியவில்லை.

அடுத்த வருடப் பெருநாளுக்குத்தான் போனேன். அம்மா கடிதம் எழுதச் சொல்லி, யாரோ எழுதிக் கொடுத்து, வராவிட்டால் நானே மதுரைக்கு வருவேன் என்று வந்திருந்தது. போய் இறங்கினால் அத்தா சாதாரணமாகத்தான் பேசினார். தொழுகைக்குப் போய் வந்தோம். பக்கத்து வீடுகளுக்குச் சோறு கொடுத்து முடித்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னார். மழைக்காலம் முழுக்க இவர் அந்தத் தழையோடுதான் குடித்தனம் நடத்தினார், என்னைப் பின்னறைக்குள்ளேயே விடவில்லை என்று. அத்தா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். கை கழுவியதும், வா என்றார்.

பெஞ்சின் மேல் அதே கட்டுகள். மேல் கட்டை அவரே அவிழ்த்தார். முதல் காகிதத்தைத் திறந்தார்.

பெரணியின் காம்பில் பொட்டல நூல் கட்டியிருந்தது. நூலின் நுனியில் தீப்பெட்டி அட்டையில் வெட்டிய ஒரு சின்னச் சதுரம். அதில் அவருடைய கடை எழுத்தில், பென்சிலால் அழுத்தி, 1. காகிதத்தின் ஓரத்திலும் 1. அடுத்ததைத் திறந்தார். 2. அதற்கடுத்தது 3. நான் வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன். எல்லாவற்றிலும் நூல், எல்லாவற்றிலும் அட்டை. நான் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்த முப்பது சொச்சத்துக்கும் என் எண்ணை எடுத்துவிட்டு, வரிசை கெடாமல் அவர் எண்ணைப் போட்டிருந்தார். கடைசியில் 214.

பூண்டைத் தரம் பிரிக்கிற மாதிரி, பெரியதெல்லாம் முதலில், சிறியதெல்லாம் கடைசியில் என்று அடுக்கியிருந்தார். நான் மதுரையில் ஒரு மத்தியானத்தில் எழுதிக் கிழித்துப் போட்ட அதே வரிசை.

உலர்ந்த பெரணிக் காம்பு தொட்டால் ஒடியும். அதில் முடிச்சுப் போடுவது என்பது எங்கள் சோதனைக்கூடத்தில் யாராலும் ஆகாத காரியம். ஒன்றுகூட ஒடியவில்லை. எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டேன். முதலில் அதைத்தான் கேட்டேன். காலையில் மஞ்சு இறங்குகிற நேரத்தில் பின்வாசலைத் திறந்து, நாலு நாலு செடியாகக் காகிதத்தோடு வெளியே வைப்பாராம். கொஞ்ச நேரத்தில் காம்பு இளகும். இளகியதும் கட்டிவிட்டு, உடனே அடுப்படியில் கொண்டு வந்து காய வைத்துவிடுவாராம். வாழ்நாளெல்லாம் ஈரத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்தியவர் அதற்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

"நீ அன்னைக்குச் சொன்னீல்ல" என்றார். "ஒவ்வொண்ணுக்கும் நூலக் கட்டி நம்பரப் போட்டிருந்தா ஆயிருக்கும்னு. எல்லாத்துக்கும் கட்டிட்டேன். ஒண்ணுகூட விடல."

எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. அத்தா, இந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் இடம் இருக்க வேண்டும், ஓர் உயரம் இருக்க வேண்டும், அது இனி உலகத்தில் எங்கேயும் இல்லை என்று சொல்ல வேண்டும். நீங்கள் கட்ட வேண்டியதே இல்லை, கட்ட வேண்டியவன் நான் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆள் முன்னால் பேசியதற்கு மாப்புக் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாக்கை முகர்ந்துவிட்டு, அது கெட்டதா இல்லையா என்று தனக்கே தெரியாமல் நிற்கிற மாதிரி நின்றார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

"போதுமாடா?" என்று கேட்டார்.

"போதும்த்தா" என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். காகிதங்களை ஓரம் தட்டிச் சேர்த்து, பலகையை வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப பட்டத்த எப்பக் குடுப்பாய்ங்க?"

"அடுத்த வருஷம்" என்றேன்.

அடுத்த வருடமும் கேட்டார். அப்போதும் அதையேதான் சொன்னேன்.